பகுதி 611

ஐம்பத்திரண்டு இருக்கை, நாற்பத்தொரு தலை.
கும்பகோணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
காலை ஆறே காலுக்கு எண்ணி ஏற்றினேன்.
‘மூன்றாம் மதகு’ தொடர்ச் சுற்றுலா.
இரண்டு பகல், ஓர் இரவு, சாப்பாடு உண்டு,
அண்ணி வீட்டில் படமெடுக்கத் தனிக் கட்டணம்.

முன்கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து
மைக்கோடு நிற்பவள் நான்.
எனக்கு ஊர்கள் வருவதில்லை,
போய்க்கொண்டே இருக்கின்றன.

“இடப்பக்கம் பாருங்கள்,
இந்தத் தோப்பில்தான் அல்லி தாலியைக் கழற்றினாள்.”
வண்டியே இடப்பக்கம் சாய்கிறது.
அந்தத் தோப்பு போன புயலில் படுத்துவிட்டது.
இது பக்கத்துக்காரருடையது.
வாழைக்கு வாழை, யார் கேட்கப்போகிறார்கள்?

சுவாமிமலை தாண்டி அண்ணி வீடு.
சொந்தக்காரர் சிங்கப்பூரில்;
காவலிருக்கும் செங்கமலம் வாசலிலேயே
தலைக்கு இருபது வாங்கிவிடுகிறாள்.
அண்ணி ஆடிக்கொண்டே விஷம் கலந்த ஊஞ்சல்
படப்பிடிப்பு லாரியோடு சென்னைக்குப் போயிற்று.
கொக்கி இருக்கிறது.
எல்லோரும் அண்ணாந்து
கொக்கியைப் படம் எடுத்தார்கள்.

கிள்ளானிலிருந்து வந்த மூன்று சகோதரிகள்
அல்லி விழுந்த கிணற்றில் ரோஜா போட்டார்கள்.
பலகையும் பிளாஸ்டரும் சேர்ந்த கிணறு,
ஆழம் இரண்டடி.
போட்ட ரோஜா போட்டபடி தெரிந்தது.
அப்போதும் அழுதார்கள்.

பதினேழாம் இருக்கை மட்டும்
எதற்கும் எழவில்லை.
இருதயராஜ், திண்டுக்கல், பூட்டுக்கடை.
பாபநாசம் ரயில்வே கேட் மூடிக்கிடந்தபோது
விரலை உயர்த்தினார், வகுப்பில் போல.
“அறுநூத்திப் பதினொண்ணுக்கு அப்புறம்
என்னம்மா ஆச்சு?”

அதோடு டி.வி.யைத் துணி போட்டு மூடிவிட்டாராம்.
பார்ப்பவள் லூர்துமேரி.
இவர் பக்கத்தில் கடைக் கணக்கு எழுதுவார்,
காதில் விழுந்ததுதான் இவருக்குக் கதை.
அண்ணி திருந்துவாள் என்று இவர் பத்து ரூபாய்,
மாட்டாள் என்று அவள்.

நான் ஒரு பகுதிகூடப் பார்த்தவளில்லை.
கம்பெனி தந்த நாலு பக்கம் மனப்பாடம்,
அதில் கிணறு உண்டு, கொக்கி உண்டு,
அண்ணியின் மனசு இல்லை.
மைக்கை வண்டிக்குள் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காலில் விழுந்தாளே, என்றாள் கோவில்பட்டிக்காரி.
அது கனவு, என்றது கடைசி வரிசை.
எங்க ஊர்ல அந்த வாரம் ஓடவே இல்ல, என்றார்கள் சகோதரிகள்.
கனவு என்றால் பட்டுப்புடவை எப்படிக் கிழிஞ்சது?
மைக் கீச்சிட்டது. யாரோ யாரையோ
‘உனக்கென்னடி தெரியும்’ என்றார்கள்,
காலையில்தான் அறிமுகமானவர்கள்.

ஸ்டியரிங்கை விட்டுத் திரும்பாமல்
ஜபருல்லா அண்ணன் சொன்னார்:
“திருந்துனது அவ தங்கச்சி.
ரெண்டு வேஷமும் ஒரே ஆளு.
அண்ணி கடைசி வரைக்கும் அண்ணிதான்.”
ரயில் போயிற்று. யாரும் மறுக்கவில்லை.

இருதயராஜ் சட்டைப்பையிலிருந்து
பத்து ரூபாய்த் தாளை எடுத்து
கால்சட்டைப் பைக்கு மாற்றினார்.

குடமுருட்டியிலிருந்து பிரியும் வாய்க்காலில்
மூன்றாம் மதகு.
அல்லி மழையில் காத்திருந்த கட்டையில்
ஒருவர் மாற்றி ஒருவர் காத்திருந்தார்கள்.
சைக்கிளில் வந்த லஸ்கர் மணியடித்தார்:
“தள்ளுங்க, தள்ளுங்க, முறை வந்துருச்சு.”
சங்கிலியை அவிழ்த்து, திருகைச் சுற்றினார்.
முதலில் நுரை. பிறகு வைக்கோல், ஒரு ரப்பர் செருப்பு,
பிறகு காபி நிறத்தில் தண்ணீர்,
கீழே காய்ந்த நாற்றங்காலை நோக்கி.

“இது எத்தனாவது பகுதி?”
கடைசிச் சகோதரி என்னைக் கேட்டாள்.
நாலு பக்கத்தில் அது இல்லை.

ஏற்றி எண்ணினால் நாற்பது.
இறங்கிப் பார்த்தேன்:
ஷட்டர் சங்கிலிப் பூட்டைக் கையில் வாங்கிப்
புரட்டிக்கொண்டிருக்கிறார் இருதயராஜ்.
“ஆறு லீவர். எங்க தெருப் பூட்டு,” என்று
இரைச்சலுக்கு மேல் கத்துகிறார்.
“தெரியாதுங்க, தொறக்குது,” என்கிறார் லஸ்கர்.
ஜபருல்லா அண்ணன் ஹாரன் அடித்தார்,
இரண்டு தரம்.